மஞ்சள் கையுறை

கை பளிச்சென்று தெரிந்தது.

“இன்னும் ஒரு கூடை சாணி கொண்டா!” குளத்தங்கரையில் குப்புறப் படுத்து, முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டிருந்த மாப்பிள்ளை மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

மாமனாரின் ஹார்டுவேர் கடையில் ஆணி நிறுத்துப் போட்டே இளமையைத் தொலைத்தவர் அவர். வீட்டுக்குப் பின்னால் குளம் வெட்டி, கெண்டைக் குஞ்சுகளை விட்டு, கடைக்கு ஒரு கும்பிடு போட்டிருந்தார். குஞ்சுகள் விரல் நீளம் வளர்ந்தால் விடுதலை. செத்தால் மறுபடியும் ஆணி. மாமனாரோடு அப்படித்தான் பேச்சு.

சாணி போட்டால் தண்ணீரில் பாசி பிடிக்கும்; அதைத் தின்று குஞ்சு வளரும். அளவு பார்க்க முழங்கைவரை கையை விட வேண்டும். உள்ளங்கை தெரிந்தால் சாணி போதாது. மறைந்தால் நிறுத்திவிட வேண்டும். சாப்பாட்டு மேஜையில் அவர் இதை விளக்கியபோது எல்லோரும் தட்டைத் தள்ளிவைத்தார்கள். மாமனார் மட்டும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். மறுநாளே மஞ்சள் ரப்பர் கையுறையோடு வந்து நின்றார்.

“சாணித் தண்ணியில வெறுங்கையை விடாதீங்க மாப்பிள்ளை, சொறி வரும்.”

மாப்பிள்ளை உருகிப்போனார். இப்படி ஒரு மாமனார் யாருக்கு வாய்க்கும்?

“ஏங்க, தண்ணி பச்சையா இருக்கே, போதாதா?” மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

“கை தெரியுதுடி!”

“அளவுக்கு மிஞ்சினா அமிர்தமே நஞ்சு. இது சாணி!”

கூடை கவிழ்ந்தது.

மறுநாள் காலை குஞ்சுகள் மேலே வந்து வாயைப் பிளந்தன.

“பாரு, பசியில ஆன்னு வாயைத் திறக்குதுங்க!” கோழி எச்சம் ஒரு மூட்டை உள்ளே போனது.

அடுத்த நாள் சில குஞ்சுகள் மல்லாந்து மிதந்தன.

“ஐயோ, மூச்சு முட்டுதுங்க அதுங்களுக்கு!” மனைவி ஓடிப்போய் மோட்டாரைப் போட்டு, குழாயைக் குளத்துக்குள் திருப்பினாள். நல்ல தண்ணீர் பட்டதும் பிழைத்தவை உள்ளே பாய்ந்தன. மாப்பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டது.

சொல்லிவைத்தாற்போல் மாமனாரும் மாமியாரும் வந்து இறங்கினார்கள். மாமனார் குளத்துப் பக்கம் திரும்பவே இல்லை. கடைச் சாவியை நீட்டினார்.

“மனசை விட்டுறாதீங்க. ஆணியெல்லாம் அப்படியேதான் இருக்கு.”

சாவியை வாங்க மாப்பிள்ளை கையுறையைக் கழற்றினார். மனைவிக்கு எதுவோ உறைத்தது.

“இருங்க. அந்த வெறுங்கையை ஒரு தடவை விட்டுப் பாருங்க.”

விட்டார். மணிக்கட்டு நனைவதற்குள் விரல்களைக் காணோம். மனைவி கையுறையை மாட்டிக்கொண்டு பக்கத்திலேயே முழங்கைவரை விட்டாள். மஞ்சள் மினுமினுவென்று தெரிந்தது.

“அடக் கொடுமையே! இவ்வளவு நாளா உறையையா பாத்துக்கிட்டு இருந்தேன்?”

மாமனார் அவசரமாக வானத்தை அண்ணாந்து பார்த்தார். மாமியாருக்கோ பெருமை பிடிபடவில்லை.

“பின்னே, தெரியாம இருக்குமா மாப்பிள்ளை? கறுப்பு, பச்சை, நீலம்னு கடையில இருந்த உறையையெல்லாம் சாணி கரைச்ச வாளியில முக்கி முக்கிப் பாத்துல்ல உங்க மாமா இதைத் தேடி எடுத்தாரு!”