ஏகமனதாக இழந்த இடம்

கையெழுத்து அழகாக இருக்கிறவனிடம் புத்தியை எதிர்பார்க்காதீர்கள். இரண்டையும் ஒரே ஆளுக்குக் கொடுக்க ஆண்டவனுக்கு மனசு வருவதில்லை. இதற்கு நானே சாட்சி. (சாட்சிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். கதையே அதுதான்.)

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். வாடகை வீடுகளில் அடிபட்ட இருபத்தாறு பேர் சேர்ந்து வீட்டுமனைச் சங்கம் ஒன்று ஆரம்பித்து, வேங்கிக்கால் பக்கம் ஒரு மானாவாரிக் கொல்லையை வாங்கி மனை பிரித்தோம். என் கையெழுத்தைப் பார்த்துச் செயலாளராக்கினார்கள். வேறு தகுதி எதையும் யாரும் கேட்கவில்லை. கூட்டம் முடிகிறபோது தலைவர், "ஆட்சேபணை உண்டா?" என்பார். யாரும் வாய் திறக்க மாட்டார்கள் (டீ வந்திருக்கும்). நான் மினிட் புத்தகத்தில், 'ஏகமனதாக நிறைவேறியது' என்று சுழித்து எழுதி அடியில் இரண்டு கோடு போடுவேன்.

பதினாலாம் நம்பர் மனை சரோஜா அக்காவுடையது. அரசாங்க ஆஸ்பத்திரி பிரசவ வார்டில் ஆயா. புருஷன் இல்லை, ஒரே பையன் பட்டாளத்தில். வீட்டுக்காரர்கள் காலி செய்யச் சொல்லிச் சொல்லி ஏழு வீடு மாறியவர். வார்டில் லீவு கிடைத்தால் நேரே மனைக்கு வந்துவிடுவார். பக்கத்துப் பம்புசெட்டிலிருந்து தண்ணீர் சுமந்து, தான் நட்ட தென்னம்பிள்ளைக்கு ஊற்றுவார். "வீடு மெதுவா வரட்டும் சார். காய் எனக்குக் காத்துக்கிட்டு இருக்கட்டும்" என்பார்.

அப்புறம்தான் இடி விழுந்தது. நிலத்தை எங்களுக்கு விற்ற மகானுபாவர், தம்முடைய பழைய கடனுக்காகக் கோர்ட்டு அதை ஏலம் விட்டிருந்ததை மூச்சுவிடாமல் மறைத்திருந்தார். ஏலம் எடுத்தவர் போளூர்ப் பக்கத்து அரிசி மில்காரர். இடத்தை அவரிடம் ஒப்படைக்கக் கோர்ட்டு அமீனா வரப்போகிறார் என்று தெரிந்ததும், எங்கள் வக்கீல் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"இத பாரு செக்ரட்டரி. அமீனா வந்தா 'ஆட்சேபிக்கிறேன்'னு ஒரு வார்த்தை சொல்லு. அதை எழுதிக்கினு அவரு திரும்பிடுவாரு. அப்புறம் நம்ம நியாயத்தையும் கோர்ட்டு விசாரிச்சுத்தான் ஆகணும். சொல்லாம வுட்டேன்னா இடம் கை மாறிடும், அவ்ளோதான்."

ஒரே ஒரு வார்த்தை. ஒரு வாரம் சைக்கிள் மிதித்துக்கொண்டே ஒத்திகை பார்த்தேன். எதிரே வந்தவர்கள் பயந்து ஒதுங்கினார்கள். செயலாளர் இருக்கிறாரே என்ற தைரியத்தில் அன்றைக்கு மற்ற உறுப்பினர்கள் எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள். மனையில் நானும், தண்ணீர்க் குடத்தோடு சரோஜா அக்காவும்தான்.

பதினோரு மணிக்கு அமீனா வந்தார். கூடவே மில்காரர், அவருடைய ஆட்கள், டமாரம் அடிக்க ஒருவர். அமீனாவைப் பார்க்கவே பாவமாக இருந்தது. வலது கை ஆள்காட்டி விரலில் நகச்சுற்று. எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் செருகியிருந்தார். பேனா பிடிக்க முடியவில்லை. "யாருக்காவது நல்லா எழுத வருங்களா?" என்று பொதுவாகக் கேட்டார்.

மில்காரர் தலையைக் குனிந்துகொண்டார். டமாரக்காரர் மலையைப் பார்த்தார். நான் கையைத் தூக்கினேன். (எந்தச் சனியன் தூக்கிவிட்டதோ!)

அமீனா சொல்லச் சொல்ல, இடத்தை ஒப்படைக்கிற மகஜரை நான் எழுதினேன். சர்வே நம்பர், நான்கு எல்லை, எல்லாம் முத்து முத்தாக வந்தன. வெயில் ஜாஸ்தி என்று மில்காரர் தம் குடையை என் தலைக்கு மேல் பிடித்தார். என் வாழ்க்கையில் எனக்கு ஒருவர் குடை பிடித்தது அந்த ஒரு தடவைதான். சரோஜா அக்கா பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டார்.

"செக்ரட்டரி சார், ஏதோ சொல்லணும்னு சொல்லிக்கினு இருந்தீங்களே?"

"இருங்க அக்கா. கடைசில கேப்பாங்க, அப்ப சொல்லிக்கலாம்."

சத்தியமாக அப்படித்தான் நம்பினேன். டீக்கும் பிஸ்கட்டுக்கும் கூடுகிற எங்கள் கூட்டத்திலேயே கேட்கிறார்கள், கோர்ட்டு கேட்காமலா போகும்? ஒருத்தரும் கேட்கவில்லை. அமீனா, "அவ்ளோதாங்க" என்றார். எழுத்து அந்தரத்தில் முடிந்தாற்போல மொட்டையாக நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை. கை தானாக ஓடியது. 'மேற்படி காரியம் எவ்வித ஆட்சேபணையுமின்றி ஏகமனதாக நிறைவேறியது.' அடியில் இரண்டு கோடு.

அமீனா அதைப் படித்தார். பிறகு என்னைப் படித்தார். நான் யார் என்று கேட்டார். சங்கத்துச் செயலாளர் என்று நிமிர்ந்து சொன்னேன். அவர் எலுமிச்சம்பழத்தை நீட்டி, சாட்சி போட வேண்டிய இடத்தைக் காட்டினார். போட்டேன். இன்னொரு சாட்சி வேண்டும் என்றார். அக்காவைக் கூப்பிட்டு, "போடுங்க அக்கா, ஒண்ணும் இல்ல" என்றேன். அவர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினார்.

டமாரம் மூன்று முறை முழங்கியது. மில்காரரின் ஆட்கள் எங்கள் எல்லைக் கல்லைப் பிடுங்கத் தொடங்கியபோதுதான் எனக்கு உறைத்தது. "ஆட்சேபிக்கிறேன்!" என்று கத்திக்கொண்டே ரோட்டுக்கு ஓடினேன். அமீனா பஸ் ஏறிப் போயிருந்தார்.

கேஸ் போட்டோம். நாலு வருஷம் இழுத்தது. ஜட்ஜ் அந்த மகஜரைக் கையில் எடுத்து, இதை யார் எழுதியது என்றார். எழுந்து நின்றேன்.

"கையெழுத்து நல்லா இருக்கு" என்றார்.

கோர்ட்டே சிரித்தது. எங்கள் வக்கீல் சிரிக்கவில்லை. அந்த ஒரு நொடி எனக்குள் லேசாகப் பெருமையாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன், வெட்கங்கெட்ட ஜென்மம். கேஸ் தோற்றது. இருபத்தாறு குடும்பமும் பழையபடி வாடகை வீட்டில். தலைவர் என்னைக் கண்டால் தெருவைத் தாண்டிப் போவார். சரோஜா அக்கா மட்டும் ஒரு வார்த்தை திட்டவில்லை. "அந்தத் தென்னம்பிள்ளைய பிடுங்கிட்டாங்களா சார்?" என்று கேட்டார். இல்லை என்று பொய் சொன்னேன். அவர் திட்டியிருக்கலாம்.

என் மனைவி கோமதி வேறு ரகம். குழம்பை ஊற்றும்போதெல்லாம் கரண்டியைத் தூக்கிப் பிடித்து, "ஆட்சேபணை உண்டா?" என்பாள். உப்பு இல்லாவிட்டாலும் எனக்கு ஆட்சேபணை கிடையாது.

எண்பதுகளின் நடுவில் சரோஜா அக்கா செத்துப்போனார். அது அவருடைய ஒன்பதாவது வாடகை வீடு. பையன் ரயிலில் வந்துகொண்டிருந்தான், மறுநாள் காலையில்தான் சேர முடியும். வீட்டுக்காரர் வாசலில் நின்று, மற்ற குடித்தனக்காரர்கள் இருக்கிறார்கள், பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று சொன்னார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் முன்னால் போய் நின்றேன்.

"ஆட்சேபிக்கிறேன்."

"இன்னாது?" என்றார் வீட்டுக்காரர்.

திரும்பவும் சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லும்போது அழுதுவிட்டேன். அவர் இரக்கப்பட்டாரோ, பைத்தியம் என்று பயந்தாரோ, "சரி சரி, பையன் வர்ற வரைக்கும் இருக்கட்டும்" என்று உள்ளே போய்விட்டார். அக்காவின் காலடியில் அழுதுகொண்டிருந்த கோமதி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். அழுகையும் நிற்கவில்லை.

இன்றைக்கும் கல்யாண வீடு, காதுகுத்து எங்கே போனாலும் கோமதி இதைச் சொல்லாமல் விடுவதில்லை. "எங்க வீட்டுக்காரரு பேச வேண்டியதை கண்டிப்பா பேசிடுவாரு. எட்டு வருஷம் ஆவும், அவ்ளோதான்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நான் ஆட்சேபிப்பதில்லை.