சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய புளித் தண்ணீர்

நெல்லிக்காய்ச் சாறு குடிப்பது என்று வீட்டில் முடிவெடுத்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இருந்தவர்கள்: அப்பா, மூக்கண்டப்பள்ளியில் எங்களோடு தங்கி லேத் வேலைக்குப் போகும் மாமா, நான். இல்லாதவர் அம்மா, பூப்பண்ணை வேலைக்குப் போயிருந்தார். அவரையும் உட்காரவைத்துப் பேசியிருந்தால் இதை எழுத வேண்டியே வந்திருக்காது.

அப்பாவுக்கும் மாமாவுக்கும் கொலஸ்ட்ரால் எகிறியிருந்தது. அப்பாவுக்குக் கூடுதலாக ஈரலில் கொழுப்பு. மூன்று மாதத்தில் குறையாவிட்டால் மாத்திரை என்றார் டாக்டர். மாத்திரை என்றாலே அப்பாவுக்கு நடுக்கம். நெல்லிக்காய்ச் சாறு இதையெல்லாம் குறைக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். கொடுக்கலாமா என்று கேட்டேன். "குடிக்கட்டும். ஆனா நான் சொன்னதை விடக் கூடாது" என்றார் டாக்டர். (பின்பாதி என் காதில் ஏறவில்லை. அம்மாவும் பக்கத்தில்தான் நின்றார்.)

குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். சும்மா குடிக்கக் கொடுத்தால் படிப்புக்கு என்ன மரியாதை? அப்பாவுக்கு அசல் சாறு. ஒப்பிட்டுப் பார்க்க மாமாவுக்கு அதே நிறத்தில் வெல்லம் கரைத்த புளித் தண்ணீர். எது அசல் என்று இருவருக்கும் சொல்லவில்லை. நான் குழம்பாமலிருக்க அப்பா பாட்டிலில் பச்சை ஸ்டிக்கர், மாமா பாட்டிலில் சிவப்பு. வாராவாரம் நானே நிரப்பினேன்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு பேருக்கும் குறைந்திருந்தது. அப்பாவின் ஈரலும் தேறியிருந்தது. ஆக, புளித் தண்ணீரும் மருந்து! கேன்டீனில் அறிவித்தேன். மறுநாளே நாலு பேர் புளி பாட்டிலோடு வந்தார்கள்.

வீட்டில் ரகசியத்தை உடைத்ததும் மாமா தலையைச் சொறிந்தார்.

"மாப்ள, எங்க பட்டறையில செவப்பு ஸ்டிக்கர்னா ரிஜெக்ட்டு, கழிச்சுப் போட்டது. பதினெட்டு வருஷமா அது ஒட்டுன எதையும் நான் தொட்டதில்ல. உனக்கு மனசு கஷ்டப்படுமேன்னு தெனம் ஒரு டம்ளர் சிங்க்ல ஊத்திட்டு, மச்சான் பாட்டில்ல குடிச்சேன்."

"அதான் என்னுது சீக்கிரம் தீருதா?" என்றார் அப்பா.

"அப்படின்னா நெல்லிதான்" என்றேன், விடாமல்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "எண்ணெய பாதியாக் கொறச்சவ நானு. போண்டாவ நிறுத்துனவ நானு. நீ செகண்ட் ஷிப்ட் போனதும் ரெண்டு பேரையும் ஏரி வரைக்கும் நடக்க வெச்சவளும் நானு. டாக்டர் சொன்னதுல பாதிய நீ கேட்ட, மீதிய நான் கேட்டேன்."

எது குறைத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் போகவில்லை. மாத்திரையிலிருந்து தப்பிய அப்பாவுக்கு அந்தக் கவலை இல்லை. குழம்பு சரியில்லாத நாளில் மாமா மட்டும் கேட்பார்: "அக்கா, இதுக்கு என்ன ஸ்டிக்கர்?"

சாறு, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் சேர்த்து ஐயாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய். எண்ணெயில் மிச்சமானது அறுநூறு என்று அம்மா கழித்துக்கொண்டார். மீதி நாலாயிரத்து எழுநூற்றைம்பது, என் ஆராய்ச்சி.