அரபாபின் தோட்டாவும் என் தலை எண்ணெயும்

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வந்ததே இல்லை. இன்ஜினியரிங் பட்டம் வாங்கியபிறகு வியாதி முற்றிவிட்டது.

எழுபதுகளில் துபாய் தேராவில், இயந்திர உதிரிபாகம் விற்கும் ஒரு கம்பெனியில் இருந்தேன். முதலாளியை அரபாப் என்போம். கல்யாணமான கையோடு கோயமுத்தூரில் விட்டுவிட்டு வந்த என் மனைவி சரோஜாவுக்கு விசா எடுக்க அவர் கையெழுத்துப் போட வேண்டும். வியாழக்கிழமை போடுவதாகச் சொல்லியிருந்தார். புதன்கிழமை எனக்குக் கிரகம் சரியில்லை. (கிரகம் சரியாகத்தான் இருந்தது, வாய்தான் சரியில்லை.)

அன்று அரபாப் பட்டறைக்கு வந்து மூன்று எஃகு அச்சுகளை வைத்தார். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு உப்பிப்போகும். அதை மறுபடி மருந்து நிரப்பத் தோதாகப் பழைய அளவுக்கு அமுக்கித் தரும் 'டை'கள் அவை. சூக்கில், அதாவது சந்தையில், சல்லிசாகக் கிடைத்ததாம். எந்தத் துப்பாக்கிக்கு என்று ஓர் எழுத்தோ எண்ணோ கிடையாது.

பிறகு மடித்த கைக்குட்டையைப் பிரித்து ஒரு வெற்றுக் கூட்டை எடுத்தார். அவருடைய அப்பா கடைசி வேட்டையில் த்ரீ நாட் த்ரீ துப்பாக்கியால் சுட்டது.

"முஹந்திஸ், இஸ்மே மேரா வாலா கோன்ஸா?" என்றார். இன்ஜினியரே, இதில் என்னுடையது எது?

துப்பாக்கி என்றால் நான் தீபாவளிக்குப் பொட்டு வெடி சுட்டதோடு சரி. ஆனாலும் "பாஞ்ச் மினிட், அரபாப்" என்றேன்.

வெர்னியர் அளவுகோலை எடுத்து மூன்றின் வெளிப்பக்க மரையையும் அளந்தேன். "தீனோம் ஏக் ஹி சைஸ்", மூன்றும் ஒரே அளவு என்று தீர்ப்பும் சொன்னேன். அரபாப் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து உள்ளே பார்த்தார். துளைகள் மூன்று தினுசாக இருப்பது வெறும் கண்ணுக்கே தெரிந்தது. எல்லா டையும் ஒரே பிரஸ்ஸில் மாட்ட வேண்டும் என்றுதான் வெளி மரையை ஒரே அளவில் செய்கிறார்கள். வாசற்கதவை அளந்துவிட்டு, உள்ளே இருப்பவர் பெயரைச் சொல்லியிருக்கிறேன்.

அதோடு விட்டிருக்கலாம். "போட்டுப் பார்த்தா தெரிஞ்சிடும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஏறக்குறையப் பொருந்துகிற மாதிரி இருந்த டையில் கூட்டைச் செருகி, வைஸ் என்கிற பட்டறைப் பிடிப்பானில் கொடுத்து இறுக்கினேன். முக்கால்வாசி போய் நின்றது. இன்னும் இறுக்கினேன். பிறகு இழுத்தால் வரவில்லை. குறடு போட்டு இழுத்தேன். விளிம்பு மட்டும் பிய்ந்து கையோடு வந்தது.

அரபாப் மெதுவாகக் கேட்டார்: "தேல் லகாயா?"

எண்ணெய் போட்டாயா என்கிறார். என் தலையில் காது வரைக்கும் தேங்காயெண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. கூட்டில் ஒரு சொட்டு இல்லை.

அவர் கத்தியிருந்தால் தேவலை. பிய்ந்த விளிம்பைத் தன் நீள வெள்ளை அங்கியான கந்தூராவின் ஓரத்தால் துடைத்து, கைக்குட்டையில் வைத்து மடித்தார். "கலாஸ்" என்றார். முடிந்தது என்று அர்த்தம். வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்பாவின் ஞாபகத்தைப் பறிகொடுத்தவர் எதிரில் நின்றுகொண்டு, ஐயோ விசா போச்சே என்று நினைத்தேன் பாருங்கள், அதற்கு இன்னும் கூசியது.

மறுநாள் சொன்னபடி கையெழுத்துப் போட்டார். "பீவி கோ ஜல்தி புலாவ். தும் அகேலா டீக் நஹி." மனைவியைச் சீக்கிரம் கூப்பிடு, உன்னைத் தனியாக விடுவது சரியில்லை.

கூடு சிக்கிய டை பல வருஷம் அவர் மேசையில் காகிதங்களின்மேல் உட்கார்ந்திருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொல்வார். நான் ஊர் திரும்பும்போது அதை என் கையிலேயே கொடுத்துவிட்டார். இப்போது எங்கள் ஷோகேஸில் இருக்கிறது. அது சரியான டையா, தப்பான டையா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

ஊறுகாய் பாட்டில் மூடி இறுகிவிட்டதென்று நான் கையை நீட்டினால் போதும், சரோஜா பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வாள். "ஏனுங்க, எண்ணெய் போட்டீங்களா?" பேத்தி வரைக்கும் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். அரபாப் அந்தக் கைக்குட்டையை மடித்தது ஞாபகம் வந்தால் மட்டும், பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுவேன்.