ஸ்டெப்னிக்குக் கட்டிய எலுமிச்சம்பழம்

உடம்புக்குள் வைத்த சிறுநீரகத்துக்கு எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கட்டித் திருஷ்டி கழித்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் நாமக்கல்லை அடுத்த எருமப்பட்டிப் பக்கத்துக்காரர். இரண்டு லாரிகளுக்குச் சொந்தக்காரர். எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவருக்குப் பெயர் எஃப்.சி. அண்ணன்.

நான் அப்போது சேலத்தில் ஒரு மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவில் இருந்தேன். மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தை உடம்பு ஏன் அந்நியன் என்று துரத்துகிறது, துரத்தப் போவதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்பது எங்கள் ஆராய்ச்சி. அதற்காக அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் மாதம் ஒருமுறை சிறுநீர் கொண்டுவந்து கொடுப்பார்கள். டப்பாவை வாங்குவது, பெயர் ஒட்டுவது, கருவியில் ஏற்றுவது, முடிவைப் பெரிய டாக்டரிடம் கொடுப்பது ஆகிய நான்கும் என் வேலை. ஐந்தாவதாக, எஃப்.சி. அண்ணன் பேசுவதைக் கேட்க வேண்டும்.

முதல் நாளே சட்டையைத் தூக்கிக் காட்டினார். அரைஞாண் கயிற்றில் பச்சை மிளகாயோடு எலுமிச்சம்பழம் ஆடிக்கொண்டிருந்தது.

“ஏனுங்ணா, இது எதுக்கு?”

“புது பார்ட்டு மாட்டிருக்குதுங்க அம்மிணி. கண்ணு பட்டுருமல்ல?”

“தையல் போட்ட இடத்துல இதெல்லாம் கட்டக் கூடாதுங்ணா.”

“தையலு ஆறிப் போச்சுங்க. பழமும் வாராவாரம் புதுசுதானுங்க.”

அந்தப் புது பார்ட்டைக் கொடுத்தவர் அவர் மனைவி ருக்குமணி அக்கா. மாற்றுச் சிறுநீரகத்தை அடிவயிற்றில் முன்பக்கமாக வைப்பார்கள். பழசு இரண்டையும் பெரும்பாலும் எடுப்பதில்லை. இதை டாக்டர்கள் படம் போட்டு விளக்குவார்கள். அண்ணனுக்குப் படம் தேவைப்படவில்லை. “பழைய டயரு ரெண்டும் பின்னாடியே கெடக்குது. ஸ்டெப்னியை முன்னாடி மாட்டி உட்டுட்டாங்க,” என்று காத்திருப்போர் வரிசைக்கே வகுப்பெடுத்தார்.

உடம்பு ஏன் நிராகரிக்கிறது என்பதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. “ரத்தத்துல நெறையாப் பேரு செக்போஸ்ட்டு போட்டு ஒக்காந்துருக்கான். வேற ஸ்டேட் வண்டி பர்மிட் இல்லாம உள்ள வந்தா உடுவானா? மாத்திரைங்கறது அவனுக்கு டீ வாங்கிக் குடுத்துப் பேச்சுக் குடுக்கறது. நேரத்துக்கு டீ வரலைன்னா வண்டியை எட்டிப் பாப்பான்.” எங்கள் பெரிய டாக்டர் இதைக் கேட்டுவிட்டு, மறுவாரம் மாணவர்களுக்கு இதையே சொன்னார். யார் சொன்னது என்று மட்டும் சொல்லவில்லை.

மருத்துவமனைக்கு வருவதை அவர் எஃப்.சி. என்றுதான் சொல்வார். லாரி சாலையில் ஓடத் தகுதியானது என்று சான்று வாங்கப் போகும் நாள் அது. அன்றைக்கு வண்டி குளித்து, புது பெயிண்டில் மணக்கும். அண்ணனும் அப்படியே வருவார். சலவை வேட்டி, சந்தனம், பவுடர், சென்ட். டப்பாவின் மூடியிலும் ஒரு பொட்டுச் சந்தனம் வைத்திருப்பார். நான் அதைத் துடைத்துவிட்டுத்தான் பெயர் ஒட்டுவேன்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு மாதம் அதிசயம் நடந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம். மாற்றுச் சிறுநீரகம் வைத்தவரின் சிறுநீரில் இரண்டு பேரின் அணுக்கள் கலந்திருக்கும். சிறுநீரகத்திலிருந்து உதிர்வது கொடுத்தவருடையது. மற்றது அவருடையது. உடம்பு சண்டைக்குக் கிளம்பினால் அவருடைய படை திரண்டு வந்து சேரும். ஆகவே அவருடைய பங்கு குறைவாக இருந்தால் சமாதானம் என்று அர்த்தம்.

அந்த மாதம் எஃப்.சி. அண்ணனின் பங்கு குறையவில்லை. இல்லவே இல்லை. டப்பா முழுக்க ருக்குமணி அக்காதான். ஓர் ஆண் அந்தப் பக்கம் வந்துபோன தடயம்கூடக் கிடையாது.

பெரிய டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். “சண்டையே இல்லைம்மா! உடம்பு மொத்தமா ஏத்துக்கிச்சு. இது உலகத்துக்கே புதுசு.” ஆய்வுக்கூடம் முழுவதற்கும் தட்டுவடை செட் வந்தது. கட்டுரைக்குத் தலைப்புகூட யோசித்துவிட்டார்.

நான் தட்டுவடையைத் தின்றுகொண்டே பட்டியல் போட்டேன். ஒரு மனிதர் தன் சிறுநீரிலேயே இல்லாமல் போவதற்கு என்னென்ன காரணங்கள் இருக்கலாம்? ஒன்று, கருவிக் கோளாறு. மறுபடி ஓட்டினேன், அதே முடிவு. இரண்டு, டப்பா மாறியது. அன்று வேறு டப்பாவே வரவில்லை. மூன்று, அதிசயம். அது டாக்டர் கட்சி. நான்காவதை எழுதாமல் தொலைபேசியை எடுத்தேன்.

ருக்குமணி அக்காதான் பேசினார். “அவரு லாரி ஆபீசுக்குப் போயிருக்காருங்க அம்மிணி. ஏனுங்க, என்ற டெஸ்ட்டு நல்லா வந்துருச்சுங்களா?”

“உங்களுக்கு என்ன டெஸ்ட்டுக்கா?”

“குடுத்தவங்களும் குடுக்கோணும்னு சொல்லி டப்பா வாங்கிட்டுப் போனாரே.”

நான் பட்டியலில் நான்காவதை எழுதினேன். பிறகு அக்கா மிகவும் அமைதியாக, “அந்த மனுசன் ஊட்டுக்கு வரட்டுமுங்க,” என்றார்.

மறுநாள் காலையில் இருவரும் வந்தார்கள். அண்ணனிடம் சந்தனம் இல்லை, சென்ட் இல்லை. எலுமிச்சம்பழம் மட்டும் இருந்தது.

“எஃப்.சி.க்குப் போறப்ப மச்சான் வண்டில இருந்து நல்ல டயராப் பாத்துக் கழட்டி மாட்டிட்டுப் போறது வழக்கந்தானுங்களே,” என்று ஆரம்பித்தார். “இது ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடலு. ஒண்ணு அவகிட்ட, ஒண்ணு எங்கிட்ட. உங்க மிசினுக்கு வித்தியாசம் தெரியாதுன்னு நெனச்சேனுங்க.”

“நான் உங்களுக்கு டயருங்களா?” என்றார் அக்கா.

பெரிய டாக்டரின் முகத்தில் ஓர் உலகப் புகழ் சத்தமில்லாமல் இறங்கிப் போவதை நான் பார்த்தேன். அவர் உடனே சுதாரித்துக்கொண்டு, “சொந்த டயருக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டார்.

அண்ணன் வேட்டியைக் கொஞ்சம் உயர்த்தினார். கணுக்கால் வீங்கியிருந்தது. சிறுநீர் நுரையாகப் போகிறது என்றார். மாத்திரையில் ஒரு வேளைகூடத் தவறவில்லை என்று சத்தியம் செய்தார்.

“அப்பவே வரவேண்டியதுதானேங்ணா?” என்றேன்.

அவர் அக்காவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். “வயித்தை அறுத்துக் குடுத்தாளுங்க. அதையும் ஓட்டத் தெரியாம ஓட்டிக் கெடுத்துப் போட்டேன்னு அவகிட்ட எப்படிங்க சொல்லுவேன்?”

ருக்குமணி அக்கா அவரிடமிருந்து டப்பாப் பையைப் பிடுங்கிக்கொண்டார். “அது போனாப் போவுது. நீங்க இருங்க,” என்றார்.

அன்று வாங்கிய அசல் டப்பாவில் அண்ணனின் படை நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. செக்போஸ்ட்டுக்காரர்கள் வண்டியை மடக்கிவிட்டார்கள். ஊசியால் துளி சதை எடுத்துப் பார்த்ததிலும் நிராகரிப்பு தொடங்கியிருப்பது உறுதியானது. ஆரம்ப நிலைதான் என்றாலும் இன்னும் ஒரு மாதம் டயர் மாற்றியிருந்தால் கதை வேறு. அவரைப் படுக்கையில் சேர்த்து, நரம்பு வழியாக வீரியமான மருந்து ஏற்றினார்கள்.  அந்த நாட்களில் டாக்டர் காலையில் வந்ததும் கேட்கும் முதல் கேள்வி அண்ணனின் அளவுகள் பற்றியதாகவே இருந்தது.

அளவுகள் மெல்ல இறங்கின. கால் வீக்கம் வடிந்தது. அண்ணன் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில்காரருக்குச் செக்போஸ்ட் கதையைச் சொல்லத் தொடங்கியதும் இனிப் பயமில்லை என்று டாக்டர் முடிவு செய்தார். மறுபடி தட்டுவடை செட் வந்தது.

அதற்குப் பிறகு டப்பா வீட்டிலிருந்து வர அனுமதி இல்லை. ஒவ்வொரு மாதமும் அக்கா கூடவே வந்து மருத்துவமனைக் கழிப்பறை வாசலில் நிற்பார். உள்ளே வேறு தந்திரம் எதுவும் நடக்கக் கூடாது என்பதற்காக அண்ணன் இடைவிடாமல் சத்தமாகப் பேச வேண்டும் என்பது அக்கா போட்ட சட்டம். அண்ணனுக்கு அந்த நேரத்தில் வேறென்ன பேச வரும்? உள்ளேயிருந்து, லாரி சேலத்துக்கு வரும் வழியிலுள்ள ஊர்கள் ஒவ்வொன்றாக வரும். “நாமக்கல்லு... புதுச்சத்திரம்... ஆண்டகளூர் கேட்டு...” தாழ்வாரமே காத்திருக்கும். “மல்லூரு...” சேலம் வந்ததும் கதவு திறக்கும். ஒருமுறை மல்லூரில் வண்டி வெகுநேரம் நின்றுவிட்டது. “என்னாச்சுங்க?” என்று அக்கா கதவைத் தட்டினார். “டிராபிக்கு,” என்று பதில் வந்தது.

நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். அவருடைய டப்பாவைக் கருவியில் ஏற்றும் நாளில் மட்டும் முடிவு திரையில் வரும்வரை நகர மாட்டேன். அவருடைய பங்கு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. நானோ முதலில் அக்காவின் பெரிய பங்குக்குப் பக்கத்தில் அந்தச் சின்னப் பங்கைத் தேடுகிறேன். அண்ணன் கொஞ்சூண்டு இருக்கிறார் என்று பார்த்த பிறகுதான் டீ குடிக்கப் போகிறேன்.