தட்டேந்தி வந்தால் படையல்ல

பெரிய நாடுகள் இரண்டுக்கு நடுவில் சின்ன நாடாக இருப்பதற்குத் தைரியம் வேண்டும். இல்லையென்றால் வேறு வழியில்லாமல் இருக்க வேண்டும். இடையாறு நாட்டுக்கு வேறு வழியில்லை. மேற்கே குடமலை நாடு, கிழக்கே கீழ்வெளி நாடு. இரண்டு அரசர்களுக்கும் இடையாற்றின் மேல் ஒரு கண் இருந்தது. வண்டல் மண், வற்றாத ஆறு, சண்டை போடத் தெரியாத சனங்கள். ஆசைப்படுவதற்கு வேறென்ன வேண்டும்?

ஆனாலும் இடையாற்று மக்கள் நிம்மதியாகத்தான் இருந்தார்கள். தெற்கே கடலோரத்தில் நெடுந்துறை என்றொரு பேரரசு இருந்தது. எங்கே அநியாயம் நடந்தாலும் தட்டிக்கேட்பது தன் பிறவிக்கடன் என்று அது அறிவித்திருந்தது. இடையாற்றை எந்த எதிரி தாக்கினாலும் நெடுந்துறை போருக்குக் கிளம்பும். எதிரி பிடித்துப்போன ஆட்களையும் மீட்டுத் தரும். இப்படி ஓர் உடன்படிக்கை இருந்தது. அதற்காக இடையாறு தன் விளைச்சலில் பெரும்பங்கை வருடந்தோறும் கப்பலேற்றி அனுப்பியது. எதிரி யார் என்பதை நெடுந்துறையின் பகையறி அவைதான் முடிவு செய்யும் என்று அதே உடன்படிக்கையில் ஒரு வரி இருந்தது. நல்லது நடக்கிற காலத்தில் அந்த மாதிரி வரிகளை யார் படிக்கிறார்கள்!

அந்த வட்டாரத்து நாடுகளுக்கெல்லாம் பொதுவான சட்டம் ஒன்றும் உண்டு. முன்னொரு காலத்தில் மாப்பிள்ளை ஊர்வலம் ஒன்றைப் படையெடுப்பு என்று நினைத்து, எல்லைக் காவலர்கள் மாப்பிள்ளையையும் மேளக்காரர்களையும் வெட்டிப்போட்டுவிட்டார்கள். அது பெரிய போரில் போய் முடிந்தது. அதன்பிறகு அரசர்கள் ஒன்றுகூடி, சீர்த்தட்டு ஏந்தி எல்லை தாண்டுகிறவர்கள் சம்பந்திகள், அவர்களுக்குப் பின்னால் யார் வந்தாலும் அது படையல்ல என்று விதித்தார்கள். நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம்தான்.

ஒரு தை மாதம், அறுவடை முடிந்த கையோடு, இரண்டு பக்கத்திலிருந்தும் படைகள் நுழைந்தன. மேற்கிலிருந்து வந்த குடமலைப் படை களஞ்சியங்களைக் கொளுத்தியது, மாடுகளை ஓட்டிப்போனது, ஆண்களைக் கயிற்றில் கட்டி இழுத்துப்போனது. கிழக்கிலிருந்து வந்த கீழ்வெளிப் படையும் இதையேதான் செய்தது. ஒரு வித்தியாசம் மட்டும் இருந்தது. கீழ்வெளிப் படையின் முதல் வரிசையில் வந்தவர்கள் தேங்காய், பழம், மஞ்சள், வெல்லம், பட்டுப்புடவை வைத்த தட்டுகளை ஏந்தி வந்தார்கள். இரண்டாம் வரிசையிலிருந்துதான் ஈட்டி.

ஆற்றின் மேற்குக் கரையில் நல்லக்காளும் கிழக்குக் கரையில் அவள் தங்கை சிட்டம்மாளும் வாழ்க்கைப்பட்டிருந்தார்கள். அக்காள் புருஷனைக் குடமலைப் படை கொண்டுபோனது. தங்கை புருஷன் வேலாண்டியைக் கீழ்வெளிப் படை கொண்டுபோனது. வேலாண்டி தோணிக்காரன். தோணி கட்டுகிற கயிற்றாலேயே அவன் கையைக் கட்டினார்கள்.

நெடுந்துறை சொன்ன சொல் தவறவில்லை. பகையறி அவை கூடியது, பேசியது, குடமலை மீது போர் அறிவித்தது. அந்தச் செய்தியோடு நெடுந்துறையின் தூதர் அருளாகரர் வெண்குடை பிடித்த படகில் இடையாற்றுக்கு வந்து இறங்கினார். நல்ல மனிதர். யாருடைய துன்பத்தைக் கேட்டாலும் கண் கலங்கிவிடுவார். சனங்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு வாழ்க வாழ்க என்று கத்தினார்கள். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு சிட்டம்மாள் முன்னால் வந்தாள்.

"ஐயா, கெழக்க இருந்து வந்தவங்களும்தான் அடிச்சாங்க. எங்க வீட்டுக்காரரக் கட்டி இழுத்துட்டுப் போயிட்டாங்க. அவங்க மேல எப்ப சண்டைக்குப் போவீங்க?"

அருளாகரர் கனிவோடு கேட்டார். "தாயே, கிழக்கிலிருந்து வந்தவர்கள் தட்டு கொண்டுவந்தார்களா?"

"தட்டும் வந்துச்சு. ஈட்டியும் வந்துச்சு."

"முதலில் வந்தது எது?"

"தட்டுதான்."

"அப்படியானால் அவர்கள் சம்பந்திகள். சம்பந்தி மீது படை நடத்துவது எந்த ஊர் நாகரிகம்?"

"வீட்டக் கொளுத்துனாங்களே ஐயா!"

"கல்யாண வீட்டில் பெரிய அடுப்பாக மூட்டுவார்கள். சில சமயம் கூரையில் பற்றிக்கொள்வதுண்டு."

"எங்க வீட்டுக்காரரு?"

"அவர் விருந்தாளியாகப் போயிருக்கிறார்."

"கையக் கட்டியா விருந்துக்குக் கூட்டிட்டுப் போவாங்க?"

"சிலர் கூச்சப்பட்டுக்கொண்டு வர மறுப்பார்கள், தாயே. உறவுக்காரர்கள் வற்புறுத்தி அழைத்துப்போவது வழக்கம்தான்."

சிட்டம்மாள் மலைத்துப்போனாள். ஆனாலும் விடவில்லை. "கல்யாணம்னா பொண்ணு யாரு?"

இந்தக் கேள்வியை அருளாகரர் எதிர்பார்க்கவில்லை. கூட வந்த அதிகாரிகளைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "மணப்பெண் யார் என்பது உரிய காலத்தில் அறிவிக்கப்படும்" என்று சொல்லிவிட்டுப் படகில் ஏறினார்.

உண்மை என்னவென்றால், குடமலையோடு போர் செய்ய நெடுந்துறைக்குக் குதிரைகள் வேண்டும். அந்தப் பக்கத்தில் குதிரை வளர்ப்பவர்கள் கீழ்வெளிக்காரர்கள் மட்டுமே. இது அருளாகரருக்குத் தெரியும், அவைக்கும் தெரியும், ஏன், குதிரைகளுக்கே தெரிந்திருக்கலாம். சிட்டம்மாளுக்குத்தான் யாரும் சொல்லவில்லை. குடமலை அரசனிடம் குதிரையும் இல்லை. தட்டில் வைக்க நாலு தேங்காய் வாங்கும் புத்தியும் இல்லை. கையை வீசிக்கொண்டு வந்து எதிரியானான்.

போர் நடந்துகொண்டிருக்கும்போதே பகையறி அவை கிழக்குக் கரைக்காரர்களுக்குச் சில ஆணைகளை அனுப்பியது. சம்பந்திகள் தங்கியிருக்கும் ஊர்களில் பெண் வீட்டார்தான் சாப்பாட்டுச் செலவை ஏற்க வேண்டும் என்பது முதல் ஆணை. தாக்கப்பட்ட நாடு என்பதால் இடையாறுதான் பெண் வீடு என்று அவை தெளிவுபடுத்தியது. அதனால் கிழக்குக் கரை கீழ்வெளிப் படைக்கு மூன்று வேளையும் பொங்கிப்போட்டது. கூட்டில் உப்புக் குறைந்தால் சம்பந்திகள் கோபித்துக்கொண்டு மேலும் ஒரு தெருவைக் கொளுத்தினார்கள். சம்பந்தி கோபத்தைப் பெரிதுபடுத்தக் கூடாது என்று அடுத்த ஆணை வந்தது. போன விருந்தாளி எப்போது திரும்புவார் என்று கேட்பது விருந்து கொடுப்பவரை அவமதிப்பதாகும், கேட்பவருக்குக் கசையடி என்று பிறகு ஓர் ஆணை வந்தது. சிட்டம்மாள் இரண்டு முறை கேட்டு இரண்டு முறை அடி வாங்கினாள்.

ஐந்தாம் வருடம் குடமலை தோற்றது. நெடுந்துறை வாக்குக் கொடுத்தபடி கைதிகளை மீட்டுக் கொண்டுவந்தது. அக்காள் புருஷன் காலைத் தாங்கித் தாங்கி நடந்து வந்து சேர்ந்தார். அவருக்கு மாலை போட்டார்கள். சிட்டம்மாள் ஆற்றைக் கடந்து போய் அவருக்குத் தன் கையாலேயே சோறு போட்டாள். பிறகு கொல்லைப்பக்கம் போய் அழுதாள். நல்லக்காள் பின்னாலேயே வந்தாள்.

"பொறாமையா இருக்குக்கா" என்றாள் சிட்டம்மாள்.

"இருக்காதா பின்ன? எம் புருசன எதிரி கொண்டுபோனான், திரும்பி வந்துட்டாரு. உம் புருசன ஒறவுக்காரன்ல கொண்டுபோயிட்டான்! யாருகிட்டப் போயிக் கேக்குறது?"

வேலாண்டி உயிரோடுதான் இருந்தான். கீழ்வெளித் தலைநகரைச் சுற்றி மதில் கட்டுவதற்குக் கல் சுமக்கிறான் என்று குதிரை வியாபாரி ஒருவன் சொன்னான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் காத்திருந்தாள்.

வெற்றி பெற்ற அரசர்கள் கூடிப் பேசினார்கள். நெடுந்துறையும் கீழ்வெளியும் அருகருகே அமர்ந்தன. யாரைக் காப்பாற்றப் போர் தொடங்கியதோ அந்த இடையாற்றின் அரசருக்கும் அழைப்பு இருந்தது. பந்தியில் இடம் போதாததால் அவரை வாசலில் நின்று வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளிக்கச் சொன்னார்கள். கூட்டம் முடிந்து அருளாகரர் மறுபடி படகில் வந்தார். இந்த முறை சிட்டம்மாளை அவரே கூப்பிட்டனுப்பினார்.

"மணப்பெண் யார் என்று கேட்டாய் அல்லவா? இடையாறுதான் மணப்பெண். நெடுந்துறை அரசர் பெண்ணைப் பெற்றவர் ஸ்தானத்தில் நின்று கீழ்வெளிக்குத் தாரை வார்த்துக் கொடுத்துவிட்டார். இனி நீங்கள் எல்லோரும் கீழ்வெளிக் குடிகள். உன் குறையும் தீர்ந்தது. உன் கணவரும் நீயும் இப்போது ஒரே நாட்டில்தான் இருக்கிறீர்கள்."

"அப்ப அவரு வீட்டுக்கு வந்துருவாரா?"

"ஒரு வீட்டில் ஓர் அறையில் இருப்பவரை இன்னோர் அறைக்குக் கூட்டி வருவதற்குப் பெயர் மீட்பு அல்ல, தாயே. அது குடும்ப விஷயம். குடும்ப விஷயத்தில் நெடுந்துறை தலையிடாது."

அருளாகரரின் கண் கலங்கியிருந்தது. அதில் பொய் இல்லை.

அப்புறம் பல வருடங்கள் ஓடின. சிட்டம்மாளுக்குத் தலை நரைத்தது. கீழ்வெளி அரசர் குதிரை விலையை ஏற்றினார்; கடலுக்கு வழி பிடித்துச் சொந்தமாகக் கப்பல் கட்டத் தொடங்கினார். நெடுந்துறைக்கு இது பிடிக்கவில்லை. பகையறி அவை கூடிப் பழைய விஷயங்களையெல்லாம் கிளறியது. அன்று கீழ்வெளிக்காரர்கள் கொண்டுவந்த தட்டுகளுக்குப் பின்னால் ஈட்டிகளும் இருந்தன என்ற அதிர்ச்சியான உண்மையை அப்போதுதான் அது கண்டுபிடித்தது. கீழ்வெளி மீது போர் அறிவிக்கப்பட்டது. நெடுந்துறைப் படை ஆற்றோரம் வந்து இறங்கியது. கீழ்வெளிப் படை கிழக்குக் கரையைக் காலிசெய்துவிட்டுத் தன் மதிலுக்குள் போய்ப் புகுந்துகொண்டது.

அருளாகரர் கைத்தடி ஊன்றிக்கொண்டு சிட்டம்மாள் வீட்டு வாசலுக்கே வந்தார். "இத்தனை கொடுமை நடந்திருக்கிறதே, எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டதே, தாயே!" என்றார்.

சிட்டம்மாள் அவரை உட்காரச் சொல்லவில்லை. "இப்பவாச்சும் எங்க வீட்டுக்காரர விருந்தாளி இல்ல, கைதின்னு ஒத்துக்கிறீங்களா?"

"நிச்சயமாக. எங்கே இருக்கிறார் அவர்?"

"செவுரு கட்டி முடிஞ்சதும் அதே செவுத்து மேல காவலுக்கு நிறுத்திட்டாங்களாம். வேணாம்னு சொன்னவங்களச் செவுத்து மேலருந்து கீழ தள்ளிவிட்டுட்டாங்களாம். கையில ஈட்டியக் குடுத்திருக்காங்க."

அருளாகரர் கைத்தடியை மாற்றிப் பிடித்தார். "ஈட்டி ஏந்தியிருக்கிறாரா? அப்படியானால் அவர் கைதி அல்ல. எதிரிப் படைவீரர்."

விருந்தாளியாக இருந்தவன் எதிரியாகிவிட்டான். நடுவில் ஒரு நாளாவது அவன் கைதியாக இருந்திருந்தால் வீட்டுக்கு வந்திருப்பான்.

அந்த நேரத்தில் மேற்குப் பக்கமிருந்து மேளச் சத்தம் கேட்டது. கீழ்வெளியை அடக்க நெடுந்துறைக்குத் துணை தேவைப்பட்டது. அந்தத் துணை குடமலைதான். பழைய அரசன் போய் மகன் பட்டத்துக்கு வந்திருந்தான். அப்பன் செய்த தவற்றை அவன் செய்யவில்லை. தேங்காயும் பழமும் பட்டும் வைத்த தட்டுகளோடு அவன் படை ஆற்றைக் கடந்து வந்துகொண்டிருந்தது. வழியில் அக்காள் புருஷன் அவர்களைப் பார்த்துவிட்டு வைக்கோற்போருக்குள் ஒளிந்துகொண்டார். சம்பந்திகள் வரும்போது ஒளிந்துகொள்வது மரியாதையல்ல என்று அவரை வெளியே இழுத்து, கையில் பன்னீர்ச் செம்பைக் கொடுத்து நிற்கவைத்தார்கள்.

"தாயே, இந்த ஊரில் அதிகம் துன்பப்பட்டவள் நீதான்" என்றார் அருளாகரர். "அந்த மரியாதை உனக்குச் சேர வேண்டும். சம்பந்திகளுக்கு ஆரத்தி எடுக்கச் சுமங்கலிகள் வேண்டும். நீ முதலில் நிற்க வேண்டும்."

அதிகாரி ஒருவர் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தட்டை அவள் முன்னால் நீட்டினார்.

"இவங்க எங்க போறாங்க?" என்று கேட்டாள் சிட்டம்மாள்.

"கீழ்வெளி மதிலைத் தாக்க."

"அது மேலதான் எம் புருசன் நிக்கிறாரு."

"ஆம்."

"அப்ப நான் சுமங்கலியா இல்லியான்னு உங்க அவையக் கூட்டிக் கேட்டுச் சொல்லுங்க. அதுக்கப்புறம் தட்டத் தொடுறேன்."

அருளாகரர் தலை குனிந்து யோசித்தார். அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் சட்டத்தில் சந்தேகம் எதுவும் இல்லை.

"அதற்கு அவையைக் கூட்ட வேண்டியதில்லை, தாயே" என்றார். "படை மதிலடிக்குப் போய்ச் சேர நாளைக்கு ஆகிவிடும். இன்றைக்கு நீ தாராளமாக ஆரத்தி எடுக்கலாம்."