இரண்டாயிரம் பூட்டும் இரண்டு சட்டமும்

"பணம் இப்போதைக்கு வராது சார். வாங்கினவங்க அவங்க ஊர் கோர்ட்ல தடை வாங்கிட்டாங்க" என்றார் வங்கி அதிகாரி அம்மா.

பட்டறைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பன்னிரண்டு பேர் வேலை செய்யும் சின்னப் பூட்டுப் பட்டறை அவருடையது. இதுதான் முதல் வெளிநாட்டு ஆர்டர். இரண்டாயிரம் பூட்டுகளை, கெடுவுக்கு ஒரு நாள் முன்னால், அடித்துப் பிடித்துக் கப்பலேற்றியிருந்தார். கையில் எல்.சி. இருந்தது. காகிதங்களைச் சரியாகக் காட்டினால் வாங்குபவரின் வங்கியே பணம் தரும் என்ற உறுதிக் கடிதம் அது. காகிதங்களில் ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை.

எல்.சி.க்கு உலகம் முழுக்க ஒரே விதிதான், ஆனால் மோசடி என்று யாராவது முறையிட்டால் அந்தந்த நாட்டுச் சட்டப்படி நீதிபதி தடுக்கலாம், வங்கி மீற முடியாது என்று அந்த அம்மா பொறுமையாக விளக்கினார்.

"மோசடியா? நானா?"

உத்தரவு பதினோரு பக்கம், புரியாத மொழியில். மொழிபெயர்ப்பாளர் பக்கத்துக்கு இவ்வளவு என்று கறாராகக் கேட்டதால், கடைசிப் பக்கத்தை மட்டும் பெயர்க்கச் சொன்னார். 'சரக்கு எதற்கும் பயன்படாது' என்று இருந்தது.

வீட்டில் சாப்பிடும்போதும் அதே பேச்சுதான். பள்ளி ஆசிரியையான மனைவி மெதுவாகச் சொன்னாள்: "மீதிப் பத்துப் பக்கத்தையும் படிச்சுப் பாத்துடலாங்க."

"என் பூட்டப் பத்தி எனக்கு அவன் சொல்லித் தரணுமா?"

ரோஷத்தோடு சோதனைக்கூடத்துக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கினார். கடப்பாறை, ரம்பம், சுத்தியல் எதனாலும் இந்தப் பூட்டைத் திறக்க முடியாது என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள். பெருமையாக அந்த நீதிமன்றத்துக்கு அனுப்பிவைத்தார். விற்றவரே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று தடையை நீட்டித்துவிட்டார்கள்.

அடுத்து வக்கீலைப் பிடித்தார். பணம் தர வேண்டிய அந்த வெளிநாட்டு வங்கிக்கு இங்கேயும் கிளை இருக்கிறது, நம் சட்டத்தில் காகிதம் சரியென்றால் பணம் தந்தாக வேண்டும் என்றார் வக்கீல். வழக்குப் போட்டார்கள், ஜெயித்தார்கள். பட்டறை முழுக்க இனிப்புக் கொடுத்துவிட்டு வங்கிக்கு ஓடினார்.

அதிகாரி அம்மாவுக்கே பாவமாக இருந்தது. "அங்க குடுக்காதேங்கறாங்க, இங்க குடுங்கறாங்க. அந்த வங்கி ரெண்டு பேருக்கும் பயந்து பணத்தைக் கோர்ட்லயே கட்டிடுச்சு சார்." இனி இரண்டு நாடும் ஒத்துப்போனால்தான் யாரும் அதைத் தொட முடியும்.

ஆட்களுக்குச் சம்பளம் போட வேனை விற்றார். பூட்டுப் பெட்டியோடு பஸ் ஏறினார். மனைவி தன் சம்பளக் கவரை மேசையில் வைத்தாள். அன்றுதான் அவருக்குக் கண் கலங்கியது.

மூன்றாம் மாதம் அந்த ஊர் நீதிபதி இறங்கிவந்தார். விற்றவர் நேரில் வந்து, சபையறிய ஒரே ஒரு பூட்டைத் திறந்து காட்டட்டும். தடையை நீக்கிவிடுகிறேன் என்றார்.

பட்டறைக்காரர் வெகுநாள் கழித்துச் சிரித்தார். "கண்ண மூடிக்கிட்டுத் திறப்பேன்" என்று மனைவியிடம் சொன்னார். கடன் வாங்கி விமான டிக்கெட் எடுத்தார். கிளம்பும் நாள் காலையில், பையும் கையுமாகப் பட்டறையில் எல்லோரிடமும் விடைபெற்றார்.

பெட்டி கட்டும் பிரிவு அக்கா வாசல்வரை ஓடிவந்தார்.

"போறதுதான் போறீங்க, அந்தச் சாவி மூட்டையையும் கையோட எடுத்துட்டுப் போயிடுங்கய்யா. கப்பல் போன மறுநாள் முலாம் போடற எடத்துலேருந்து வந்து எறங்குச்சு, மூணு மாசமா எடத்த அடைச்சுக்கிட்டுக் கெடக்கு."