டவர் வளைவிலிருந்து வீட்டுக்கு

"ரௌட்டர்ல நாலு லைட்டும் எரியுதுங்க. மூணு சும்மா எரியுது, ஒண்ணு கண்ணடிக்குது" என்றாள் கற்பகம், போடியிலிருந்து.

"கண்ணடிக்கிறது எது? ஓரத்துல உள்ளதா, நடுவுல உள்ளதா?" என்றான் தவசி, மலையிலிருந்து.

போடிமெட்டைத் தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் பிரியும் ஜீப்புப் பாதையில், செல்போனுக்கு நெட்டு ஒழுங்காகக் கிடைக்கும் ஒரே இடம் அந்த வளைவு. தோட்டத்தார் அதற்கு டவர் வளைவு என்று பெயரிட்டிருந்தார்கள். தோட்ட ஆபீஸின் எழுத்தரான தவசி, ஆபீஸ் லேப்டாப்பை மடியில் விரித்து, அதைத் தன் செல்போனோடு இணைத்து, காலையிலிருந்து அங்கேயே இருந்தான். பாறையெல்லாம் மஞ்சில் நனைந்திருந்ததால், வீட்டிலிருந்து ஜீப்பில் வந்திறங்கிய சாமான் பெட்டியே அவனுக்கு ஆசனமாயிற்று.

வீட்டிலிருந்து சாமான் வருவது புதிதல்ல. தவசி மறந்துவிட்டு வருவதையெல்லாம் கற்பகம் மறுநாள் ஜீப்பில் ஏற்றிவிடுவாள். கம்பளி வந்திருக்கிறது, மூக்குக்கண்ணாடி வந்திருக்கிறது, ஒருமுறை இடதுகால் செருப்பு மட்டும் தனியாக மலையேறி வந்தது. அன்று காலை டிரைவர் சின்ராசு சாக்குச் சுற்றிய பெட்டியை இறக்கும்போது ஏதோ சொல்ல வாயெடுத்தான். போனில் மூழ்கியிருந்த தவசி, "அங்கிட்டு வையி" என்று கைகாட்டினான். வைத்துவிட்டு அவன் லோடு ஏற்றப் போய்விட்டான்.

தவசியின் கவனம் முழுவதும் ஒரே கேள்வியில் குவிந்திருந்தது. மலையிலிருந்து புறப்படும் அவனுடைய கட்டளை, தன் வீட்டு வாசல்வரை போய்விட்டு ஏன் திரும்பி வருகிறது?

அந்தக் கேள்வியில்தான் அவனது குடும்ப வாழ்க்கையே அடங்கியிருந்தது. கற்பகத்துக்கு ஏழாவது மாதம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இறங்கிப்போய் முகம் காட்டும் கணவனாக இனியும் நீடிக்க அவன் விரும்பவில்லை. ஆபீஸ் வேலையைப் போடியில் தன் வீட்டிலிருந்தே பார்க்க முடியும் என்று முதலாளி பெரியகருப்பனிடம் நேற்று அவன் விண்ணப்பித்தபோது, அவர் வெகுநேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அங்கன இருந்து இங்க தொறக்கும்னா, இங்கன இருந்தும் அங்க தொறக்கணும்ல? நாளைக்கு மத்தியானம் வர்றேன். இந்த வளைவுல நின்னு ஒன் வீட்டுக் கம்ப்யூட்டரத் தொறந்து காட்டு. அப்புறம் நீ போடியிலயே இருந்துக்க."

தவசிக்கு நம்பிக்கை இருந்தது. வீட்டிலிருந்தபோது அடுக்களையில் நின்று பரிசோதித்திருந்தான். கூடத்துக் கம்ப்யூட்டர் உடனே திறந்துகொண்டது. அடுக்களைக்கும் கூடத்துக்கும் இடையே வீட்டுக்கு நெட்டு கொடுக்கும் ரௌட்டரைத் தாண்டி வெளியே போக வேண்டியதில்லை என்பது, நேற்று மாலை மலையிலிருந்து முயன்று தோற்றபோதுதான் அவனுக்கு உறைத்தது. மனமுடைந்து கற்பகத்திடம் சொன்னான். நாளைக்கும் கம்ப்யூட்டர் வராவிட்டால் எல்லாம் போயிற்று என்றான். அவள் பதறவில்லை. "இதுக்குப் போயி எதுக்குக் கவலைப்படுறீங்க, காலையில பாத்துக்கிறலாம்" என்றாள். அந்த நிதானத்தை அவன் மனத்துக்குள் வியந்துகொண்டான்.

"நடுவுல உள்ளதுதான் கண்ணடிக்குது" என்றாள் இப்போது. "ஏங்க, நான் ஒண்ணு சொல்லணும்..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு கற்பகம். ஒண்ணொண்ணாத்தான் கண்டுபிடிக்கணும். ரௌட்டர அணைச்சுட்டுத் திரும்பப் போடு."

அவள் அணைத்தாள். அந்தக் கணமே பேச்சும் அறுந்தது. அவள் பேசிக்கொண்டிருந்ததே அந்த ரௌட்டர் வழியாகத்தான் என்பதைத் தவசி, ஓசையடங்கிய போனைப் பார்த்தபடி, தாமதமாக உணர்ந்தான். தான் உட்கார்ந்திருக்கும் கிளையைத் தானே வெட்டிய அந்தத் தவற்றிலும் அவனுக்கு ஒரு சுவாரசியம் தட்டுப்பட்டது.

காத்திருந்த நேரத்தில் அந்தத் தெருவுக்கு நெட்டு கொடுக்கும் பாண்டியராஜை அழைத்தான். விவரம் கேட்டு அவன் சிரித்தான்.

"அண்ணே, ஒங்க வீட்டுக்குன்னு தனியா விலாசம் கிடையாதுண்ணே. ஒங்க தெரு மொத்தத்துக்கும் வெளியில ஒரே விலாசம்தான். நீங்க மலையில இருந்து கூப்புட்டா, எந்த வீட்டக் கூப்புடுறீங்கன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

இத்தனை காலமும் தனக்கென விலாசமில்லாமலே வாழ்ந்திருக்கிறோம் என்ற செய்தி தவசியை வருத்தவில்லை, கிளர்ச்சியூட்டியது. கதவிலக்கம் இருக்கிறது, ரேஷன் அட்டை இருக்கிறது, ஆனால் உலகத்தின் பார்வையில் அவன் வீடும் எதிர்வீடும் ஒன்றுதான். தனி விலாசம் வேண்டுமென்றான். கொடுக்கலாம், ஆனால் தெருவையே கொஞ்ச நேரம் அணைத்துப்போட வேண்டியிருக்கும் என்றான் பாண்டியராஜ். தவசி தயங்காமல் சம்மதித்தான்.

அணைத்துப்போட்ட தெரு, சொன்ன நேரத்துக்கு எழவில்லை. எழுந்ததும் முதலில் வந்தது கற்பகத்தின் குரல்.

"எதுத்த வீட்டுச் சுந்தரம்மாக்கா வந்து நின்னு சத்தம் போட்டுட்டுப் போகுதுங்க. ஒம் புருசன் மலையில ஒக்காந்துக்கிட்டு எங்க வீட்டு நாடகத்த எதுக்குத்தா அணைக்கிறாருன்னு கேக்குது."

"இருக்கட்டும். நீ கம்ப்யூட்டரத் தொட்டியா?"

"காலையில தொட்டதுதாங்க. அதுக்கப்புறம் எங்க தொட?"

காலையில் தூசி தட்டியிருப்பாள் என்று அவன் எடுத்துக்கொண்டான். அடுத்து, வெளியிலிருந்து வரும் அழைப்பை எந்தக் கருவிக்கு அனுப்ப வேண்டும் என்று ரௌட்டருக்குச் சொல்லிவைக்க வேண்டும். வாசற்காவலாளியிடம், விருந்தாளி வந்தால் கூடத்துக்கு அனுப்பு என்று சொல்வது போன்றதுதான் அது. அவன் ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, கற்பகம் தன் போனில் ஒவ்வொன்றாகத் தட்டினாள். ஒருமுறை மாற்றித் தட்டியதில் சுந்தரம்மாளின் நாடகம் மறுபடி நின்றது. தெருவுக்குக் குறுக்கே பறந்து வந்த வசவு மலைவரை தெளிவாகக் கேட்டது.

எல்லாம் முடிந்து அவன் புதிய விலாசத்தைத் தட்டியபோது, லேப்டாப்பில் ஒரு பக்கம் திறந்தது. அவன் வீட்டு ரௌட்டரின் பக்கம். மேகமும் பள்ளத்தாக்கும் கடந்து தன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறோம் என்று தவசிக்கு மேல் சிலிர்த்தது. வீட்டுக்குள் இணைந்திருக்கும் கருவிகளையும் அந்தப் பக்கம் காட்டியது. கற்பகத்தின் போன் இருந்தது. டிவி இருந்தது. சுந்தரம்மாளின் டிவியும் இருந்தது. அந்த அம்மாளின் கோபத்துக்கு வேர் எது என்பது அப்போதுதான் விளங்கிற்று.

கம்ப்யூட்டர் மட்டும் இல்லை.

விரித்த லேப்டாப்பின் முன் தவசி முன்னும் பின்னும் அசைந்து யோசித்தான். அவனுக்குக் கீழே பெட்டி லேசாக முனகியது. காவலாளி நிற்கிறான், கதவு திறந்திருக்கிறது, கூடத்திலிருந்து மட்டும் பதிலில்லை. ஆகவே கம்ப்யூட்டர் தூங்கிப்போயிருக்க வேண்டும். தர்க்கத்தில் ஒரு பிசகும் தென்படவில்லை.

கீழே எங்கோ ஜீப்பு கியர் மாற்றும் ஒலி கேட்டது. முதலாளி வந்துகொண்டிருந்தார்.

"கற்பகம், கடைசியா ஒண்ணே ஒண்ணு. வெரசா சொல்லு. கம்ப்யூட்டர் பெட்டியில பச்சை லைட்டு எரியுதா?"



"அத நான் எப்படிங்க சொல்றது? நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

காலையிலிருந்து ஏவியதில் சலித்துவிட்டாள், பாவம், இந்த நேரத்தில் இவளை இப்படிப் படுத்தியிருக்கக் கூடாது என்று தவசிக்குக் குற்றவுணர்வு மேலிட்டது. அவளைச் சமாதானப்படுத்த வார்த்தை தேடுவதற்குள் ஜீப்பு வளைவில் வந்து நின்றது. பெரியகருப்பன் இறங்கி, லேப்டாப்பைக் குனிந்து பார்த்தார்.

"என்னப்பா தவசி, ஒன் வீடு வந்துச்சா?"

"வாசல் வரைக்கும் போயிட்டேன் முதலாளி" என்றான் தவசி, உட்கார்ந்த இடத்திலிருந்தே. "உள்ள கம்ப்யூட்டர்தான் எங்க போச்சுன்னு தெரியல."

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எட்டிப் பார்த்த சின்ராசுவின் முகம் வெளிறியது.

"அண்ணே, மெல்ல எந்திரிங்க. அலுங்காமக் கொண்டுபோய்ச் சேக்கணும்னு மதினி அத்தன தடவ சொல்லி ஏத்திவிட்டுச்சு, நீங்க காலையில இருந்து அதும்மேலதான் ஒக்காந்திருக்கீங்க."